வீட்டுக்காரருக்கு பேலியோ, மத்தவங்களுக்குச் சோறு: ஒரே சமையல்ல முடியுமா?

கொங்குத்தென்றல் (கரூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க.

எங்க வீட்டுக்காரருக்கு வயசு 43. கம்பெனியில எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்ததுல இவருக்கு எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரிச் சர்க்கரை) 7.2, ட்ரைகிளிசரைட் (ரத்தக் கொழுப்பு) 260ன்னு வந்திருக்கு. எடை 89 கிலோ. டாக்டர் மெட்ஃபார்மின்னு சர்க்கரை மாத்திரை எழுதிக் கொடுத்து, அரிசியைக் குறைக்கச் சொன்னாரு. கூட வேலை செய்யற ஒருத்தரு பேலியோ (அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை இல்லாம கறி, மீன், முட்டை, காய்னு சாப்பிடற முறை) எடுத்து நல்லா இளைச்சிருக்காருங்க. அவரைப் பாத்ததுல இருந்து இவருக்கும் அதே மாதிரி ஆரம்பிக்கணும்னு ஒரே பிடிவாதம். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டோம். செய்யுங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிட்டாரு.

என் கவலை எல்லாம் அடுப்படிதானுங்க. வீட்டுல அஞ்சு பேரு. அத்தைக்கு எழுபது வயசு. அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளுப்பருப்பும் இல்லாம அவங்களுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. செவ்வாய், வெள்ளி வீட்டுல கவுச்சி கூடாது, முட்டையும் சேத்துத்தான். பொண்ணு ஒன்பதாவது, பையன் நாலாவது. வாரத்துக்கு ரெண்டு தடவை மாவாட்டறேன். நானும் வேலைக்குப் போறவ, காலைல எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பியாகணும்.

நான் தேடிப் படிச்ச குறிப்புல எல்லாம் பாதாம் மாவுல ரொட்டி, தேங்காய் மாவுல இட்லி, சீஸ் பீட்சான்னுதான் இருக்கு. அதெல்லாம் எங்க பட்ஜெட்டுக்கு ஆகாது, செய்ய நேரமும் இல்லை. இவருக்குத் தனியா, அத்தைக்குத் தனியா, புள்ளைங்களுக்குத் தனியான்னு மூணு சமையல் செய்ய என்னால முடியாதுங்க. ஆனா இவரு உடம்பு சரியாகணும், அதுல நான் உறுதியா இருக்கேன். நிஜமா வருஷக்கணக்கா வீட்டுல சமைச்சுப் போடறவங்க யாராவது சொல்லுங்க. காலைல என்ன, டிபன் பாக்ஸுக்கு என்ன, கவுச்சி இல்லாத நாள்ல என்ன? புள்ளைங்களுக்கும் சோத்தை நிறுத்தணுமா?

---

ராத்திரிப்பணி எழுதியது:

சமையலைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் மருத்துவமனையில் செவிலியர், மாத்திரை விஷயம் மட்டும் சொல்கிறேன்.

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் மாவுச்சத்தைக் குறைக்கும்போது சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்வது அபூர்வம். ஆனால் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு என்கிற இன்னொரு சர்க்கரை மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய இருக்கின்றன. அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளில் வேறொரு ஆபத்து. மீட்டரில் சர்க்கரை அதிகம் காட்டாமலே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டர் அளவை மாற்றிக் கொடுத்த பிறகே ஆரம்பிக்க வேண்டும். பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். மாவுச்சத்து குறையும்போது உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதால் பிரஷர் இறங்கும்.

---

முத்துநகர்வாசி (தூத்துக்குடி) எழுதியது:

தங்கச்சி, மூன்று சமையல் வேண்டாம். ஒன்று போதும். என் வீட்டில் ஆறு பேர். நானும் என் கணவரும் பேலியோ, மாமனாருக்குச் சோறு, மூன்று பிள்ளைகளுக்கும் சோறு உண்டு. வருஷக்கணக்கில் ஒரே குழம்புதான் வைக்கிறேன். தட்டில் குழம்புக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். மாமனாருக்குச் சோறு, எங்களுக்குப் பொரித்த காய், பிள்ளைகளுக்கு இரண்டும்.

நீங்கள் படித்த பாதாம் மாவு ரொட்டியை விட்டுத்தள்ளுங்கள். இட்லி மாதிரி ஒன்று, பிரியாணி மாதிரி ஒன்று என்று செய்து சாப்பிடும்வரை நாக்கு பழசையே தேடும். உங்கள் பக்கத்திலேயே பள்ளிபாளையம் சிக்கன் இருக்கிறதே! சின்ன வெங்காயம், விதை உதிர்த்துக் கிள்ளிப்போட்ட வரமிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு, கோழி, உப்பு. மைதாவோ சோளமாவோ கடலைமாவோ அதில் கிடையாது. நீங்கள் புழங்கும் கடலெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெயோ செக்கு நல்லெண்ணெயோ ஊற்றினால் முழு பேலியோ. நிலக்கடலை பருப்பு வகை என்பதால் அந்த எண்ணெயும் பேலியோவில் சேர்வதில்லை. உங்கள் அத்தை கைப்பக்குவத்தில் இந்த மாதிரி இன்னும் பத்துப் பண்டமாவது இருக்கும். அவர்களிடமே கேளுங்கள். மருமகள் வந்து கேட்டால் அவர்களுக்கும் இதில் ஒரு பிடிப்பு வரும்.

குழம்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எதைப் போட்டுக் கெட்டியாக்குகிறோம் என்பது. துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, அரிசிமாவு மூன்றும் வேண்டாம். தேங்காய், வதக்கி அரைத்த சின்ன வெங்காயம், தக்காளி, கொஞ்சம் கசகசா போதும். எங்கள் பக்கத்து மீன்குழம்பில் பருப்புக்கு வேலையே இல்லை. சாளை (மத்தி மீன்) மலிவாகக் கிடைக்கும்போது நான் வைக்கும் விதத்தைச் சொல்கிறேன். அரைமூடித் தேங்காய், ஒரு கரண்டி சீரகம், பத்து மிளகு, நாலு சின்ன வெங்காயம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, விரலில் தொட்டால் திப்பி தட்டாத அளவுக்கு அரைக்கணும். மண்சட்டியில் ஒரு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு, மசாலா வாடை போனதும் தேங்காயை ஊற்றணும். மறுபடி ஓரத்தில் நுரை கூடி வரும்போது மீனைப் போட்டுவிட்டால் அப்புறம் கரண்டிக்கு வேலை இல்லை. சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கணும். சாளை உடையாது, குழம்பும் பிரியாது. கடைசியில் பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி. வீட்டுக்காரருக்கு ஒரு கிண்ணம் நிறைய மீனும் குழம்பும், பக்கத்தில் அவித்த முட்டை, ஒரு பொரியல். அவருக்கு அது முழுச் சாப்பாடு.

கரூருக்குக் கடல்மீன் வந்து சேர ஒரு நாள் ஆகும், சில நாள் விலையும் கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையைக் கேட்கவே முடியாது. அந்த இரண்டு மாசம் முட்டையையும் கோழியையும் நம்புங்கள். நாமக்கல் உங்களுக்குப் பக்கத்து ஊர். முட்டை விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பணக்கணக்கும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் முக்கால்வாசிப் பேர் பாதியில் நிறுத்துகிறார்கள். நம் ஊர் பேலியோவில் காலைக்கு நூறு பாதாம் என்று பிரபலமாகச் சொல்வார்கள். நூறு பாதாம் ஏறத்தாழ 120 கிராம். மாதத்துக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல் போகும். அந்தக் காசில் வீடு முழுவதற்கும் முட்டை வாங்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், மாவுச்சத்து ஒரு கிராமுக்கும் குறைவு. பாதாமைக் கவுச்சி இல்லாத நாள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி ஊறவைத்துக் காலையில் நெய்யில் உப்புப் போட்டு வறுத்தால் ஒரு கைப்பிடியிலேயே பசி அடங்கும். ஆட்டுக்கறி எடுக்கும் நாளில் கறிக்கடைக்காரரிடம் நெஞ்செலும்பு, சுவரொட்டி (மண்ணீரல்), ஈரல் கேளுங்கள். தனிக்கறியின் விலை அதற்குக் கிடையாது. நெஞ்செலும்பைக் குக்கரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் விட்டு இறக்கினால் மொத்த வீடும் குடிக்கும். முதல் ஒரு வாரம் அவருக்குத் தலைவலி, சோர்வு வரலாம். உப்புச் சத்து வெளியேறுவதால் வருவது அது. இந்தச் சூப்பில் உப்பைச் சரியாகப் போட்டு தினம் ஒரு டம்ளர் கொடுங்கள். பிரஷர் உள்ளவருக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு.

காலை எட்டரைக்குக் கிளம்பும் உங்களுக்கு: முந்தின ராத்திரி சமையல் முடிந்ததும் அதே அடுப்பில் பத்து முட்டையை அவித்து ஓட்டோடு ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள், பாக்ஸுக்கும் பிள்ளைகளுக்கும் ஆகும். காலையில் வீட்டுக்காரருக்கு மூன்று பச்சை முட்டை உடைத்து, அதில் பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு அடித்து, தோசைக்கல்லில் நெய் விட்டுக் கனமாக ஊற்றி மூடிவையுங்கள். அடை மாதிரி எழும்பி வரும். பக்கத்தில் தேங்காய்ச் சட்னி, பொட்டுக்கடலை போடாமல். அதே சட்னிதான் பிள்ளைகளின் தோசைக்கும். பொட்டுக்கடலை இல்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்ததே இல்லை.

டிபன் பாக்ஸுக்குக் காய்தான் அடிப்படை. காலிபிளவர் சாதம் என்று எல்லோரும் சொல்வார்கள், செய்பவர்களில் பலர் குழைய வைத்துவிட்டு நன்றாக இல்லை என்பார்கள். மஞ்சள் போட்ட வெந்நீரில் பூவை முக்கி எடுத்த பிறகு துணியில் பரப்பி ஈரம் முழுக்கப் போகவிடணும். அப்புறம்தான் துருவணும். அகலமான இரும்பு வாணலியில் எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை தாளித்து, துருவலைப் போட்டு, தண்ணீர் தெளிக்காமல், மூடாமல், நல்ல தீயில் நாலே நிமிஷம். உப்பு கடைசியில். முதலிலேயே உப்புப் போட்டால் காய் நீர் விட்டுவிடும். இறக்கி உடனே பாக்ஸில் அடைக்காமல் தட்டில் ஆறவிட்டு அடையுங்கள், மத்தியானம் வரை உதிரியாக இருக்கும். காலிபிளவர் விலை ஏறும் கோடையில் முட்டைக்கோஸை அரிசி அளவுக்குக் கொத்தி இதே மாதிரி செய்யலாம். ஒட்டன்சத்திரம் காய் கரூருக்கு வராமலா இருக்கும்? வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக எடுத்துவிடுங்கள். சுரை, புடலை, பீர்க்கு, வெண்டை, கத்தரி, கோவைக்காய், வாழைத்தண்டு, கீரை எல்லாம் தாராளமாக. உருளை, மரவள்ளி, சேனை, வாழைக்காய், பச்சைப்பட்டாணி அவர் தட்டுக்கு வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களுக்குச் சோற்றை நிறுத்தவே கூடாது என்பது என் கருத்து. வளர்கிற பிள்ளைகள், ஓடியாடுகிறவர்கள், சர்க்கரை நோய் கிடையாது. பேலியோவின் அடிப்படை சமைத்த நிஜமான உணவு. மாவுச்சத்தை நாளுக்கு 50 கிராமுக்குள் வைப்பதெல்லாம் உங்கள் வீட்டுக்காரருக்கான ஏற்பாடு. அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் வாழைப்பழமும் கொய்யாவும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நிறுத்த வேண்டியது பாக்கெட்டில் வருவதை: பிஸ்கெட், பாலில் கலக்கும் சர்க்கரைப் பவுடர், பாட்டில் ஜூஸ், ரெண்டு நிமிஷ நூடுல்ஸ். அஞ்சு இட்லி சாப்பிடும் பிள்ளைக்கு மூன்று இட்லியும் இரண்டு முட்டையும் கொடுத்துப் பாருங்கள், பதினொரு மணிக்குப் பசி என்று வராது. இதைப் பிள்ளைகளிடம் டயட் என்று சொல்லாதீர்கள். உங்கள் பெண் ஒன்பதாம் வகுப்பு. அந்த வயசில் உடம்பு, எடை என்கிற பேச்சு காதில் விழுந்தால் அது வேறு மாதிரி பதியும். அம்மா முட்டை வைத்தாள், சாப்பிட்டேன் என்று இருந்தால் போதும்.

அத்தையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அரிசிம்பருப்பு அவர்களுடைய சாப்பாடு, எழுபது வயசில் அதைப் பிடுங்க நமக்கு உரிமை இல்லை. குக்கரில் அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வையுங்கள், பத்து நிமிஷ வேலை.

---

அரங்கன்வீடு (ஸ்ரீரங்கம்) எழுதியது:

செவ்வாய், வெள்ளிக்கு நான் சொல்கிறேன். எங்கள் அகத்தில் முட்டையும் கிடையாது, ஆனாலும் என் கணவர் இந்த உணவுமுறையில்தான் இருக்கிறார்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் எழுதப்படும் பேலியோவில் பால், தயிர், பனீர் எதுவுமே கிடையாது. நம் ஊரில் ஃபேஸ்புக் ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ குழு வழியாகப் பரவிய பேலியோவில் சைவர்களுக்காகப் பாலும் பனீரும் உண்டு. அதனால்தான் எங்களைப் போன்றவர்களாலும் இதைத் தொடர முடிகிறது. ஆங்கிலக் குறிப்புகளையும் தமிழ்க் குறிப்புகளையும் கலந்து படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பனீரைக் கடையில் வாங்காதீர்கள், வீட்டிலேயே செய்யுங்கள். கொழுப்பெடுக்காத பால் ஒரு லிட்டர் பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து, எலுமிச்சைச்சாற்றில் தண்ணீர் கலந்து கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறுங்கள். நீர் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் பனீர் ரப்பராகிவிடும். வடிகட்டி ஒருமுறை பச்சைத்தண்ணீரில் அலசி, துணியில் முடிந்து அம்மிக்குழவியை மேலே வைத்தால் அரைமணியில் கட்டியாகிவிடும். 200 கிராம் வரை கிடைக்கும். வடிந்த நீரைக் கொட்டாமல் குழந்தைகளின் சப்பாத்திமாவில் விட்டுப் பிசையுங்கள். பாலில் உள்ள சர்க்கரை அந்த நீரில் இறங்கியிருக்கும் என்பதால் உங்கள் ஆத்துக்காரருக்கு வேண்டாம்.

அவியலில் சேனையும் வாழைக்காயும் இல்லாமல் புடலை, பூசணி, முருங்கை, கத்தரி மட்டும் போட்டுத் தேங்காயைத் தாராளமாக அரைத்து விடுங்கள். மோர்க்குழம்பில் ஊறவைத்த துவரம்பருப்பும் அரிசியும் அரைப்போமே, அதை விட்டுத் தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் மட்டும் அரைத்தால் கொஞ்சம் நீர்க்க இருக்கும், ருசிக்குக் குறையில்லை. கெட்டித்தயிராக எடுத்துக்கொண்டால் அந்தக் குறையும் தெரியாது. பருப்பு உசிலிக்குப் பதில் பனீரை உதிர்த்துப் பீன்ஸோடு பிரட்டுங்கள். உங்கள் மாமியாரே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

---

தராசு எழுதியது:

மாற்றுக் கருத்து சொல்ல அனுமதி உண்டுதானே.

எனக்குப் பேலியோவின் ஆதாரக் கதையில், அதாவது கற்கால மனிதன் தின்றதையே நாமும் தின்ன வேண்டும் என்பதில், சம்மதம் இல்லை. 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பாய்ட் ஈட்டனும் மெல்வின் கோனரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கற்கால உணவு பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இந்தப் பேச்சு பெரிதானது. ஆனால் நியாண்டர்தால் மனிதர்களின் பற்களில் படிந்த காரையைச் சுரண்டிப் பார்த்தபோது சமைத்த மாவுச்சத்தின் துகள்களே கிடைத்திருக்கின்றன. ஆதிமனிதன் கறி மட்டும் தின்றான் என்பது சரியல்ல. நம் மண்ணில் பழனிக்குப் பக்கத்துப் பொருந்தலில் அகழாய்வில் கிடைத்த நெல் ஏறத்தாழ 2,500 ஆண்டு பழையது. அத்தனை தலைமுறையாகச் சோறு தின்ற ஊர் நாம்.

என் அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்து, பச்சைப்பயறும் கொள்ளும் காயும் கூட்டி, தினம் நடந்தே கட்டுக்குள் வைத்திருக்கிறார். கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் இருக்கிறது, விலையும் குறைவு. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு கொள்ளை ஏன் விலக்க வேண்டும்?

---

முத்துநகர்வாசி எழுதியது:

தராசு அண்ணாச்சி, கற்காலக் கதை எப்படிப் போனாலும் எனக்குக் கவலை இல்லை. ஆதிமனிதன் கிழங்கு தின்றிருப்பான், நிச்சயம் தின்றிருப்பான். அவன் நாள் முழுக்க நடந்தான், வேட்டையாடினான். நம் பாட்டன்மார் சோறு தின்றார்கள், தின்றுவிட்டு வயலில் நின்றார்கள். தங்கச்சி வீட்டுக்காரர் கம்பெனியில் நாற்காலியில் உட்காருகிறார். 100 கிராம் வெந்த சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து. நாம் ஒரு வேளைக்குப் போடும் சோறு 300 கிராமுக்குக் குறையாது. குழம்பு ஊற்றும் முன்பே எண்பது கிராமைத் தாண்டிவிடுகிறது. ட்ரைகிளிசரைட் 260 உள்ளவருக்கு முதலில் இறங்க வேண்டியது அதுதான், மாவுச்சத்து குறைந்தால் அது நன்றாக இறங்கும்.

கொள்ளு விஷயத்தில் உங்கள் பேச்சில் நியாயம் உண்டு. உலர்ந்த கொள்ளிலும் பயறிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்து, அதனால்தான் ஆரம்ப மாதங்களில் வேண்டாம் என்கிறேன். டெஸ்ட் நன்றாக வந்த பிறகு கொள்ளு ரசமாகவோ முளைகட்டிய பயறு ஒரு கைப்பிடியாகவோ சேர்த்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் மீட்டரில் குத்திப் பார்த்தால் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அதுவே சொல்லிவிடும். உங்கள் அப்பா நடந்தே கட்டுக்குள் வைத்திருப்பது பெரிய விஷயம். அந்த நடையை இவரும் எடுத்துக்கொள்ளணும், மாலையில் அரைமணி நேரமாவது.

---

கொங்குத்தென்றல் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மாத்திரை அட்டையைப் பாத்துட்டேன், மெட்ஃபார்மின் மட்டும்தான் இருக்கு. பிரஷர் மாத்திரையும் இல்லை. அத்தைகிட்ட முத்துநகர் அக்கா சொன்ன மாதிரியே போய்க் கேட்டேன். மாவு சேக்காம தேங்காயும் கசகசாவும் அரைச்சு அவங்க அம்மா வெச்ச நாட்டுக்கோழிக் குழம்பைப் பத்திச் சொன்னாங்க, ஞாயித்துக்கிழமை அவங்களே வெச்சுத் தர்றாங்களாம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். வர்ற மாசம் சொந்தத்துல ரெண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. பந்தியில உக்காந்தா எல்லாரும் பாத்துக்கிட்டே இருப்பாங்க, இவரு சங்கோஜப்படுவாரு. அப்புறம் ராத்திரி எட்டு மணிக்கு மேல வந்தா இவருக்கு டீயும் முறுக்கும் வேணும். அந்த நேரத்துக்கு என்ன கொடுக்கறது?

---

முத்துநகர்வாசி எழுதியது:

அத்தையே குழம்பு வைக்க வருகிறார்களா? இனி உங்களுக்குப் பாதி வேலை குறைந்தது.

கல்யாணத்துக்கு வீட்டிலிருந்தே சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். மூன்று முட்டை ஆம்லெட்டும் ஒரு டம்ளர் மோரும் உள்ளே போனவரைப் பந்தி இழுக்காது. உட்கார்ந்துதான் ஆகணும் என்றால் உட்காரட்டும். கல்யாணப் பந்தியில் பொரியல், தயிர்ப்பச்சடி, மோர் எல்லாம் வரும். பரிமாறுகிறவரிடம் ‘சோறு அப்புறம், முதல்ல பொரியல் இன்னொரு கரண்டி வைங்க’ என்றால் யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவர் இலையில் விழும் இனிப்பை உங்கள் இலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கறிவிருந்து என்றால் கவலையே இல்லை, பிரியாணியில் கறியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். காதுகுத்து உங்கள் பக்கத்தில் கெடாவெட்டுதானே?

ராத்திரி எட்டு மணிக்குக் கேட்பது பசி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்பெனியில் என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். அங்கே சர்க்கரை போட்ட டீயும் வடையும் போனால் எட்டு மணிக்கு மறுபடி கேட்கும். மத்தியானப் பாக்ஸோடு சின்ன டப்பாவில் இரண்டு அவித்த முட்டை, உப்பும் மிளகும் தூவி, தேங்காய்ச் சில்லு நாலு கொடுத்துவிடுங்கள். கவுச்சி இல்லாத நாளில் வறுத்த பாதாமும் பனீர்த் துண்டும். வீட்டுக்கு வந்ததும் முறுக்குக்குப் பதில் நேராகச் சாப்பாட்டையே வைத்துவிடுங்கள். எட்டு மணிக்கு முறுக்கு, பத்து மணிக்குச் சாப்பாடு என்பதைக் காட்டிலும் எட்டரைக்கே தட்டு வைப்பது உடம்புக்கும் நல்லது, உங்களுக்கும் அடுப்படி சீக்கிரம் ஓயும். முறுக்கு டப்பா பிள்ளைகளுக்கு இருக்கட்டும், ஆனால் டிவிக்குப் பக்கத்தில் வேண்டாம்.

மூன்று மாசம் கழித்து டெஸ்டுக்குப் போகும்போது எச்பிஏ1சியோடு கொலஸ்ட்ரால் முழுப் பட்டியல், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான டெஸ்ட்), யூரிக் ஆசிட் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். சிலருக்கு இந்தச் சாப்பாட்டில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், சிலருக்கு ஆரம்பத்தில் யூரிக் ஆசிட் ஏறும். ஏறியிருந்தால் நெய்யையும் கறியையும் எவ்வளவு வைப்பது என்று டாக்டரிடமே கேட்டு, அதற்குத் தக்கபடி மீனையும் காயையும் கூட்டிக்கொள்ளலாம். ரிப்போர்ட் வந்ததும் எண்களை இங்கே போடுங்கள் தங்கச்சி, பார்த்துச் சொல்கிறேன்.